நாளுக்கொரு விலையில் லாட்ஜ் ரூம்: வெளியூர் போகும் வணிகர்களுக்குச் சில கணக்குகள்



மளிகைக் கடைக்காரர் வெளியூரில் இரவு தங்குவது வருடத்துக்கு நாலைந்து முறைதான். கொள்முதலுக்கு ஒரு பயணம், பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கைக்கு ஒன்று, குலதெய்வம் அல்லது திருப்பதி, பழனி, கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஊட்டி, மே 5 வணிகர் தின மாநாடு. முன்பெல்லாம் இந்தச் செலவில் பஸ், ரயில் கட்டணம்தான் பெரிய தொகை. இப்போது ரூம் வாடகை அதைத் தாண்டிவிட்டது. அதுவும் நிலையாக நிற்பதில்லை. "நேத்து ராத்திரி 1,800னு காட்டுச்சுங்க, காலையில பாத்தா 2,600ங்கிறான், இது என்ன அநியாயங்க" என்று நம் சங்க அலுவலகத்தில் உறுப்பினர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இதை வணிகர் வாயில் இருந்து கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். விலை ஏறுவதும் இறங்குவதும் நமக்குப் புதிதா? ரூம் எந்த வகைச் சரக்கு என்று தெரியாததால்தான் அது அநியாயமாகத் தெரிகிறது. அது தெரிந்துவிட்டால், சரக்கு எடுக்கும்போது செய்வதையே ரூம் எடுக்கும்போதும் செய்யலாம்.

மஞ்சளும் வெற்றிலையும்

நம் பகுதியில் இரண்டு சரக்குகளை எல்லோருக்கும் தெரியும். ஒன்று மஞ்சள். ஈரோடு மார்க்கெட்டில் இன்று விலை பிடிக்கவில்லை என்றால் மூட்டையைக் குடோனில் அடுக்கிவிட்டு வரலாம். ஆறு மாதமோ, ஒரு வருடமோ காத்திருந்து விற்கலாம். குடோன் வாடகையும் வட்டியும்தான் நஷ்டம். இன்னொன்று நம் அந்தியூர் வெற்றிலை. கொடியில் இருந்து கிள்ளிய நாளில் இருந்தே அது வாடத் தொடங்கிவிடுகிறது. இன்று விற்காத கட்டு நாளை பாதி விலை, மறுநாள் மாட்டுக்கு. முகூர்த்த நாள் வந்தால் அதே கட்டு எங்கோ போகும். முகூர்த்தமே இல்லாத மார்கழியில் வாங்க ஆள் இருக்காது. சத்தியமங்கலம் மல்லிகையும் அப்படித்தான். பொங்கலுக்கு முந்தின நாட்களில் கிலோ ஆயிரங்களில் போகும், ஓய்ந்த நாளில் நூறுகளுக்கு இறங்கும். பூ விவசாயியை யாரும் அநியாயக்காரர் என்று சொல்வதில்லை.

லாட்ஜ் ரூம் வெற்றிலையைவிடச் சீக்கிரம் கெடும் சரக்கு. முப்பது ரூம் உள்ள லாட்ஜில் இன்றிரவு பன்னிரண்டு ரூம் காலியாகக் கிடந்தால், அந்தப் பன்னிரண்டு இரவுகளும் விடிந்ததும் குப்பைக்குப் போய்விட்டன. அவற்றை நாளைக்கு எடுத்து வைத்து விற்க முடியாது. கட்டட வாடகை, வங்கிக் கடன் தவணை, ஆள் சம்பளம் எதுவும் இதனால் குறையாது. காலி ரூமை ஒருவருக்குக் கொடுப்பதால் கூடுதலாக ஆகும் செலவு, துணி வெளுக்கும் கூலி, சோப்பு, தண்ணீர், கரண்டு அவ்வளவுதான். ஆகவே ஓய்ந்த நாளின் மாலையில் அவர் என்ன விலைக்கும் இறங்குவார். மூன்றே ரூம் மீதியிருந்து பத்துப் பேர் கேட்டால் அதே மனிதர் ஏற்றுவார். அவருக்கு வருடத்தில் லாபம் வருவதே அந்தச் சில நாட்களில்தான். ஊட்டியில் ரூம் கட்டியவர் ஏப்ரல், மே மாத வருமானத்தை வைத்துத்தான் மழைக்காலத்தை ஓட்ட வேண்டும்.

லாட்ஜ்காரர்கள் சீசனுக்கு ஒரு விலை, சீசன் இல்லாத காலத்துக்கு ஒரு விலை என்று வாங்கியது நம் அப்பா காலத்திலும் உண்டு. மணிக்கு மணி மாறும் பழக்கம் விமானக் கம்பெனிகளிடம் இருந்து வந்தது. அமெரிக்காவில் 1978-ல் விமானக் கட்டணத்தின் மீதிருந்த அரசுக் கட்டுப்பாட்டைச் சட்டம் போட்டு நீக்கினார்கள். அதன் பிறகு அமெரிக்கன் ஏர்லைன்ஸ் போன்ற கம்பெனிகள், எத்தனை சீட் விற்றது, இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் பார்த்து விலையை மாற்றத் தொடங்கின. மாரியட் போன்ற பெரிய ஓட்டல் கம்பெனிகள் அந்த வழியைப் பிடித்துக்கொண்டன. நம் ரயில்வேயே 2016 செப்டம்பர் 9 முதல் ராஜதானி, சதாப்தி, துரந்தோ ரயில்களில் இதைக் கொண்டுவந்தது. முதல் நூற்றுக்குப் பத்து சீட் அடிப்படைக் கட்டணம், அடுத்த பத்துக்குப் பத்து சதவீதம் கூடுதல், இப்படி ஏறி ஒன்றரை மடங்கு வரை போகும் என்று அறிவித்தார்கள். இன்று சின்ன லாட்ஜ்காரரும் முன்பதிவு ஆப்களில் சேர்ந்திருக்கிறார். விலையை அவர் செல்போனிலேயே மாற்றலாம்.

நாம் விற்கும் பிஸ்கட் பாக்கெட்டில் அதிகபட்ச சில்லறை விலை அச்சடித்திருக்கிறது. அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினால் நம் மீது வழக்கு. தனியார் விடுதி ரூமுக்கு அப்படி அச்சடித்த விலை கிடையாது. ஆகவே விலை ஏறிவிட்டது என்று வாதாடுவதில் பயனில்லை. எந்த நாளில் வாங்குவது, எப்படி வாங்குவது என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

முதலில் காலண்டரைப் பாருங்கள்

செல்போனைத் திறக்கும் முன் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைப் பாருங்கள். ரூம் விலையில் பாதி அங்கேயே எழுதியிருக்கிறது.

திருவண்ணாமலைக்குப் பௌர்ணமி அன்று போகிறவருக்கும் அதற்கு ஐந்து நாள் கழித்துப் போகிறவருக்கும் ஒரே விலையில் ரூம் கிடைக்காது. கார்த்திகை தீபத்துக்குக் கேட்கவே வேண்டாம். பழனிக்குத் தைப்பூசம், பங்குனி உத்திரம். வழியோர ஊர்களில் கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக் கூட்டம். எந்த ஊரானாலும் பெரிய முகூர்த்த நாளில் கல்யாண மண்டபம் அருகே இருக்கும் லாட்ஜை மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் மொத்தமாகப் பிடித்திருப்பார்கள். நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆடி மாதம் புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் தேரும் குதிரை, மாட்டுச் சந்தையும் நடக்கும் வாரத்தில் அந்தியூரிலோ பவானியிலோ ஒரு வெளியூர் வியாபாரி சாதாரண விலைக்கு ரூம் கேட்டால் நமக்கே வேடிக்கையாக இருக்கும் அல்லவா?

கிழமையும் முக்கியம். இதில் ஊருக்கு ஊர் கணக்கு தலைகீழாகும். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காட்டில் வெள்ளி, சனி இரவுகள் விலை கூடும், திங்கள் முதல் வியாழன் வரை இறங்கும். கோயம்புத்தூர், திருப்பூர் போன்ற வியாபார ஊர்களில் கம்பெனி ஆட்கள் வார நாட்களில் தங்குவதால் அப்போது நிறையும், சனி, ஞாயிறில் பல ஓட்டல்கள் இறங்கிவரும். கொடிசியா வளாகத்தில் கண்காட்சி நடக்கும் நாட்கள் மட்டும் விதிவிலக்கு. அவினாசி ரோட்டில் அன்று சனிக்கிழமை என்றாலும் இறங்காது.

இந்த இடத்தில் மளிகைக்காரருக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை நாம் பயன்படுத்துவதே இல்லை. சம்பளக்காரர்களுக்கு சனி, ஞாயிறுதான் விடுமுறை. நமக்கு மாதத்தின் முதல் பத்து நாட்கள்தான் வியாபாரம், மாதச் சாமான் கட்டும் நாட்கள். இருபதாம் தேதிக்கு மேல் செவ்வாய், புதன் கிழமைகளில் கடையில் ஈ ஓட்டுகிறோம். அந்த நாளில் ஒரு நம்பிக்கையான ஆளிடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினால், ரூமும் மலிவு, வியாபார இழப்பும் குறைவு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது மே மாதத்துக்குள்தான் முடியும். அப்போதும் சனிக்கிழமையைத் தவிர்த்தால் வித்தியாசம் தெரியும்.

ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் அங்கே போகும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று அளவும் வைத்தார்கள். ரூமுக்குப் பணம் கட்டிவிட்டு இ-பாஸ் கிடைக்காமல் கல்லாறு சோதனைச் சாவடியில் நின்றால் பணம் போனது போனதுதான். கிளம்பும் முன் அந்தச் சமயத்து நடைமுறையைப் பார்த்து, இ-பாஸ் எடுத்துக்கொண்டு பிறகு ரூமுக்குப் பணம் கட்டுங்கள். அரசு பஸ்ஸில் போனால் இந்தத் தொல்லை இல்லை.

விலையே மாறாத ரூமும் உண்டு. திருமலையில் தேவஸ்தானம் கொடுக்கும் ரூம்களுக்கு நிலையான வாடகை. பழனியிலும் தேவஸ்தான விடுதிகள் அப்படித்தான். ஆனால் விலை நிற்கும் இடத்தில் வரிசை ஓடும். ரேஷன் கடையில் நாம் பார்ப்பதுதான். திருமலை ரூம்களுக்குச் சில மாதங்கள் முன்பே ஆன்லைனில் குறிப்பிட்ட நாளில் திறந்து, கொஞ்ச நேரத்தில் தீர்ந்துபோகிறது. அங்கே பணத்துக்குப் பதில் நாளையும் நேரத்தையும் கவனித்துக் காத்திருக்க வேண்டும். வீட்டில் கல்லூரி படிக்கும் பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுங்கள்.

காட்டும் விலையும் கட்டும் விலையும்

ஆப்பில் பெரிய எழுத்தில் காட்டும் தொகை நாம் கடைசியில் கட்டும் தொகை அல்ல. கொள்முதல் விலையோடு ஏற்றுகூலி, லாரி வாடகை, கமிஷன் எல்லாம் சேர்த்தால்தான் அடக்க விலை. ரூமுக்கும் அடக்க விலை போட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில் ஜிஎஸ்டி. ரூம் வாடகை மீதான வரி பலமுறை மாறியிருக்கிறது. 2017-ல் தொடங்கியபோது ஆயிரம் ரூபாய்க்குக் கீழ் வரி இல்லை. 2022 ஜூலை 18 முதல் அந்த விலக்கை எடுத்துவிட்டு 12 சதவீதம் ஆக்கினார்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை உள்ள ரூமுக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம் என்று இருக்கிறது.

இந்த 7,500 கோட்டைக் கவனியுங்கள். 7,400 ரூபாய் ரூமுக்கு வரி 370, மொத்தம் 7,770. அதே ரூம் சீசனில் 7,600 ஆனால் வரி 1,368, மொத்தம் 8,968. விலை ஏறியது 200 ரூபாய், நம் கையில் இருந்து கூடுதலாகப் போவது 1,198 ரூபாய். நம்மில் பலர் 7,500-க்கு ரூம் எடுப்பதில்லை என்பது உண்மை. ஆனால் மே மாத ஊட்டியில், ஆறு பேர் தங்கும் குடும்ப ரூம் அல்லது காட்டேஜ் என்று போனால் இந்தக் கோட்டைத் தொட்டுவிடும். அங்கே பெரிய ரூம் ஒன்றுக்குப் பதில் சின்ன ரூம் இரண்டு எடுத்தால், ஒவ்வொன்றும் தனித்தனியாக 5 சதவீதத்தில் நிற்கும்.

வருட வரவு இருபது லட்சத்தைத் தாண்டாத, ஜிஎஸ்டி பதிவு இல்லாத சின்ன லாட்ஜ் உங்களிடம் ஜிஎஸ்டி வாங்கக் கூடாது. அதே லாட்ஜை ஆப் வழியாக எடுத்தால் ஆப் கம்பெனியே வரி வசூலித்துக் கட்ட வேண்டும் என்பது சட்டம். ஆக ஒரே ரூமுக்கு நேரில் வரி இல்லை, ஆப்பில் வரி உண்டு என்று ஆகலாம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் பில்லில் ஜிஎஸ்டி எண் இல்லாமலே வரி என்று ஒரு தொகை போட்டிருந்தால் கேளுங்கள்.

வரிக்குப் பிறகு மற்றவை. கணக்குக்காக ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, பிள்ளைகள் இருவர். ஆப்பில் ஒரு ரூம் 2,400 என்று காட்டுகிறது. வரி 120. ஆப்பின் சேவைக் கட்டணம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது ஆளுக்கும் நான்காவது ஆளுக்கும் கூடுதல் படுக்கை தலைக்கு 400 என்றால் 800. காலை டிபன் சேர்ந்ததில்லை, வெளியே சாப்பிட நான்கு பேருக்கு 400. மொத்தம் 3,820. பக்கத்து ஓட்டலில் வரியோடு 3,400, நான்கு பேர் தங்கலாம், டிபன் உண்டு என்கிறார்கள். ஆப்பில் வரிசைப்படுத்தினால் முதலாவது மேலேயும் இரண்டாவது கீழேயும் இருக்கும். மலிவு எது என்று உங்களுக்கே தெரிகிறது. டிரைவர் தங்க இடம், கார் நிறுத்த இடம், மலையில் சுடுதண்ணீர் எத்தனை மணிக்கு என்பதையும் கேட்டுவிட வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட அதிகம் கடிப்பது நேரக் கணக்கு. நம் ஊர் லாட்ஜ்களில் பல 24 மணி நேரக் கணக்கில் கொடுக்கின்றன. எத்தனை மணிக்கு நுழைந்தாலும் மறுநாள் அதே மணி வரை ஒரு வாடகை. ஓட்டல்களும் ஆப் வழியாகக் கொடுப்பவையும் பெரும்பாலும் பகல் 12 மணிக் கணக்கு. ஈரோட்டில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும் முன்பே சென்னை சென்ட்ரலில் இறக்கிவிடும். 12 மணிக் கணக்குள்ள ஓட்டலில் அப்போது ரூம் கேட்டால் முந்தின நாள் வாடகையும் சேரும். 1,500 ரூபாய் ரூம் 3,000 ஆகிவிடும். குளித்துவிட்டு மண்டிக்குப் போய் அன்றிரவே திரும்புகிறவருக்கு 24 மணி நேர லாட்ஜ் 2,000 என்றாலும் லாபம். ரயில் நிலையத்திலேயே ஓய்வறை கிடைக்குமா என்றும் பார்க்கலாம். டிக்கெட் இருந்தால் ஐஆர்சிடிசி வழியாக எடுக்கலாம்.

பிடித்து வைப்பது

நாளும் அடக்க விலையும் தெரிந்த பின் அடுத்த கேள்வி: இப்போதே வாங்குவதா, பொறுப்பதா? இரண்டு வகை விலை காட்டுவார்கள். ஒன்று, பணம் கட்டினால் திரும்ப வராது, விலை குறைவு. மற்றது, குறிப்பிட்ட தேதி வரை ரத்து செய்தால் பணம் முழுதும் திரும்பும், விலை சற்று அதிகம். முதலாவது ரொக்கத்துக்கு வாங்கித் தள்ளுபடி பெறுவது போல. இரண்டாவதில் நாம் கொடுக்கும் கூடுதல் தொகை, சரக்கைப் பிடித்து வைக்கும் கூலி.

சாவு, காய்ச்சல், ஆள் வராமை, வரி அலுவலக நோட்டீஸ் என்று கடைக்காரரின் பயணம் தடைப்பட ஆயிரம் காரணம் உண்டு. ஆகவே என் கருத்தில் நமக்கு இரண்டாவதுதான் ஏற்றது. சீசன், திருவிழா நாள் என்றால் தேதி முடிவான அன்றே ரத்து செய்யக்கூடிய ரூம் ஒன்றைப் பிடித்துவிடுங்கள். பிறகு வாரம் ஒரு முறையும், ரத்து செய்யும் கெடுவுக்கு இரண்டு நாள் முன்பும் அதே ஓட்டலின் விலையை மறுபடி பாருங்கள். இறங்கியிருந்தால் புதிதாகப் பதிவு செய்து, உறுதிச் செய்தி கைக்கு வந்த பிறகு மட்டும் பழையதை ரத்து செய்யுங்கள். ஏறியிருந்தால் பேசாமல் இருங்கள். பழைய விலை உங்களுடையது. கெடு எந்தத் தேதி, எத்தனை மணி என்பதை எழுதி கல்லாப்பெட்டி அருகில் ஒட்டி வையுங்கள்.

ஓய்ந்த காலத்தில், வார நாளில், லாட்ஜ் நிறைய உள்ள ஊருக்குத் தனியாகப் போகிறவர் முன்பதிவே செய்யாமல் போனாலும் பரவாயில்லை. நேரில் போய், ரூமைப் பார்த்து, விலை பேசலாம். பெண்களும் குழந்தைகளும் கூட வந்தால் இந்த வீரம் வேண்டாம்.

ஒன்று சொல்ல வேண்டும். ரத்து செய்தால் செலவில்லை என்று நான்கு ஓட்டலில் நான்கு ரூம் பிடித்து வைத்துவிட்டு, கடைசி மணியில் மூன்றை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தீபாவளிக்கு ஒருவர் நம்மிடம் பத்து டின் எண்ணெய் எடுத்து வைக்கச் சொல்லி, வேறு ஆளுக்குக் கொடுக்க விடாமல், முந்தின நாள் இரவு வேண்டாம் என்றால் நமக்கு எப்படி இருக்கும்? லாட்ஜ்காரரும் வியாபாரிதான். பல ஊர்களில் அவர் நம் சங்க உறுப்பினரும்கூட. ஒரு ரூமைப் பிடித்து வைத்து விலை பார்ப்பது வியாபாரம். நான்கைப் பிடித்து வைப்பது பதுக்கல்.

போனில் ஒரு வார்த்தை

ஆப்பில் விலை பார்த்த பிறகு ஓட்டலுக்கே ஒரு போன் போடுங்கள். ஆப் கம்பெனிக்கு லாட்ஜ்காரர் நூற்றுக்கு 15, 20 என்று கமிஷன் கொடுக்கிறார். நேரில் வருகிறவருக்கு அதில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்க அவருக்கு இடம் இருக்கிறது. இந்த இடத்தைப் பெரிய ஆப் கம்பெனிகள் அடைக்கப் பார்த்தன. எங்கள் ஆப்பில் காட்டுவதைவிடக் குறைத்து வேறு எங்கும் விற்கக் கூடாது என்று ஓட்டல்களிடம் நிபந்தனை போட்டது தொடர்பான வழக்கில், இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் மேக்மைட்ரிப், கோஐபிபோ நிறுவனத்துக்கு 223.48 கோடி ரூபாயும், ஓயோவுக்கு 168.88 கோடி ரூபாயும் அபராதம் விதித்தது. அவை மேல்முறையீட்டுக்குப் போயின. நமக்கு இதில் தெரிய வேண்டியது, ஓட்டல்காரர் நேரில் குறைத்துக் கொடுப்பது தவறில்லை என்பதுதான்.

பேசும்போது சண்டைக்குப் போவது போல் பேசக் கூடாது. "வணக்கங்க, அந்தியூர்ல இருந்து பேசறனுங்க. பதினெட்டாந் தேதி புதன்கிழமை ரெண்டு ரூம் வேணுமுங்க, ரெண்டு ராத்திரி. ஆப்புல இந்த வெலை காட்டுதுங்க. நேரா உங்ககிட்டயே எடுத்தா என்ன பண்ணித் தருவீங்க?" இவ்வளவு போதும். விலை குறைக்க மனமில்லாதவர் டிபன் சேர்த்துக் கொடுப்பார், அல்லது காலையில் சீக்கிரம் வந்தால் ரூம் தருவதாகச் சொல்வார். இரண்டும் பணம்தான்.

பேசிய விலையை எழுத்தில் வாங்குங்கள். தேதி, எத்தனை ரூம், எத்தனை பேர், வரி சேர்த்து எவ்வளவு, டிபன் உண்டா, நுழையும் நேரம், விடும் நேரம் ஆகியவற்றை வாட்ஸ்அப்பில் நாமே எழுதி அனுப்பி, "சரி" என்று ஒரு பதில் வாங்கினால் போதும். நம் உறுப்பினர் ஒருவர் மே மாதம் குடும்பத்தோடு ஒரு மலை ஊருக்குப் போய் இறங்கியபோது, கூட்டத்தைப் பார்த்த விடுதி மேலாளர் ரூமுக்கு 1,200 கூட்டிக் கேட்டார். அந்த ஒரு வரிப் பதிலைக் காட்டியதும் பழைய விலைக்கே சாவி வந்தது. வாய்ப்பேச்சு மட்டும் இருந்திருந்தால் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் கேட்டதைக் கொடுத்திருப்பார்.

போன் நம்பரை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதிலும் கவனம் தேவை. இணையத்தில் பெரிய ஓட்டல், கோயில் விடுதி பெயரில் போலி நம்பர்கள் உலவுகின்றன. முழுப் பணத்தையும் உடனே அனுப்பச் சொன்னால், தனி ஆள் பெயரில் கணக்குக் காட்டினால் நிறுத்திவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் பேச வேண்டும்.

அவசரப்படுத்தும் பலகைகள்

"இன்னும் 1 ரூம்தான்", "இப்போது 14 பேர் பார்க்கிறார்கள்", 5,000 என்று அடித்து அருகில் 2,199. ஆடித் தள்ளுபடிப் பலகை எழுதிய நமக்கு இதன் சூட்சுமம் தெரியாதா? ஒரு ரூம்தான் என்பது பெரும்பாலும் அந்த ஆப்புக்கு, அந்த விலைக்கு ஒதுக்கியதில் மீதி. ஓட்டலில் பதினைந்து ரூம் காலியிருக்கலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் வெளியிட்ட விதிகளில் பொய் அவசரம் காட்டுவது, கேட்காத பொருளைப் பில்லில் நுழைப்பது, கடைசிப் பக்கம் வரை முழு விலையை மறைப்பது உள்ளிட்ட 13 தந்திரங்களைத் தடை செய்திருக்கிறார்கள். பணம் கட்டும் பக்கத்தில் பயணக் காப்பீடு, நன்கொடை என்று தானாக டிக் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். பணம் திரும்ப வராதது, பதிவு இருந்தும் ரூம் மறுத்தது போன்றவற்றுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலும் புகார் சொல்லலாம். பதிவுப் பக்கத்தை அப்போதே படம் பிடித்து வைத்திருப்பது அவசியம்.

ஒரே ரூம், ஒரே நாள், அண்ணன் செல்போனில் ஒரு விலை, தம்பி செல்போனில் ஒரு விலை வருவதும் உண்டு. வங்கிக் கார்டுத் தள்ளுபடி, முதல் முறை கூப்பன், உறுப்பினர் விலை என்று காரணங்கள். வீட்டில் உள்ள எல்லாச் செல்போனிலும் ஒரு முறை பார்த்துவிட்டால் முடிந்தது.

கடைக் கணக்கில் எழுதுவது

கொள்முதல் பயணமாக இருந்தால் பில்லைக் கடைப் பெயரில், நம் ஜிஎஸ்டி எண்ணோடு கேளுங்கள். தமிழ்நாட்டுக்குள் உள்ள ஓட்டல் என்றால் அந்த வரியை உள்ளீட்டு வரியாக எடுக்க வழி உண்டு. குண்டூருக்கு மிளகாய் பார்க்கப் போய், அல்லது குஜராத் ஊஞ்ஜாவுக்குச் சீரகம் பார்க்கப் போய்த் தங்கினால், அங்கே போடும் வரி அந்த மாநிலக் கணக்குக்குப் போகிறது, நம் தமிழ்நாட்டுப் பதிவில் எடுக்க முடியாது. ஆகவே வெளிமாநிலத்தில் விலை ஒப்பிடும்போது வரியையும் முழுச் செலவாகச் சேர்த்துப் பாருங்கள். இணக்க வரி, அதாவது காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு எங்கே தங்கினாலும் உள்ளீட்டு வரி இல்லை. குடும்பச் சுற்றுலா பில்லைக் கடைக் கணக்கில் ஏற்ற வேண்டாம். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் அந்தச் செலவை ஏற்கமாட்டார்கள், பெரிய பில்லை வங்கி வழியாகக் கட்டுங்கள்.

சங்கமாகப் போகும்போது

மே 5 மாநாடு எந்த ஊரில் நடந்தாலும் தமிழ்நாடு முழுவதும் இருந்து வணிகர்கள் ஒரே நாளில் அங்கே இறங்குகிறார்கள். கோடை விடுமுறையும் அப்போதுதான். நாம் இருபது பேர் தனித்தனியாக ஆப்பில் தேடினால், நம் கிராக்கியை நாமே ஏற்றிவிடுகிறோம். ஒவ்வொரு பதிவுக்கும் மீதி ரூம் குறைய, அடுத்தவருக்கு விலை ஏறும். மொத்தக் கொள்முதலாகப் போக வேண்டும். ஊர் அறிவித்தவுடன் செயலாளரோ பொருளாளரோ ஒருவர் மட்டும் இரண்டு லாட்ஜ்களில் பேசி, பத்து ரூம் ஒரே விலை என்று எழுதி வாங்க வேண்டும். முன்பணம் எவ்வளவு, எந்தத் தேதி வரை வேண்டாத ரூமைத் திருப்பிக் கொடுக்கலாம், கூட இரண்டு ரூம் தேவைப்பட்டால் அதே விலையா என்ற மூன்றையும் அந்தக் கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும். மாநாட்டு ஊரிலேயே கிடைக்கவில்லை என்றால் முப்பது, நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஓர் ஊரில் ரூம் எடுத்து வேனில் போய்வருவதன் கணக்கையும் போட்டுப் பாருங்கள், பலமுறை அதுவே குறைவாக வரும்.

வருகிறவர்கள் பெயர் கொடுக்கும்போதே ரூம் பங்கைச் சங்க அலுவலகத்தில் கட்டி ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். ரூமைத் திருப்பிக் கொடுக்கும் தேதிக்கு மூன்று நாள் முன்னதாக வரவில்லை என்று சொன்னவருக்குப் பணம் முழுதும் திரும்பக் கிடைக்கும். அதற்குப் பிறகு சொல்கிறவர் தமக்குப் பதில் ஓர் ஆளைக் கொண்டுவர வேண்டும்.